ஆறாவது வெற்றிக்கு முன் ஒரு கையெழுத்து

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையின்போது கார்வெல் ஸ்டேட், டன்பர் டெக்கைவிடப் பதினேழுக்கு ஏழு என்று முன்னால் இருந்தது. முப்பதாயிரம் பேர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஓபல் கிளேபோர்னுக்கு எட்டாவது மாடியிலிருந்து போன் வந்தது.

"ஓபல், உடனே மேல வாங்க. வரும்போது அந்த அத்தை ஃபைலையும் எடுத்துட்டு வந்துடுங்க," என்றார் ராய்ஸ் ஸ்ட்ராட். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை மொத்தத்துக்கும் அவர்தான் இயக்குநர். ஓபலுக்கு மேலதிகாரி.

"இப்பவா சார்? ரெண்டாவது பாதி ஆரம்பிக்கப் போறாங்களே."

"இப்பவே."

ஓபலின் வேலை விதிகளைக் காப்பது. எந்த விளையாட்டு வீரனுக்கு யார் என்ன வாங்கிக் கொடுத்தார்கள், எந்தப் பயிற்சியாளர் எந்தப் பையனுக்கு எத்தனை மணிக்குப் போன் போட்டார் என்று பத்தொன்பது வருஷமாக எழுதிவைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் பாதிப்பேர் அவளைப் பார்த்தாலே கையில் இருக்கும் சாண்ட்விச்சை மறைப்பார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அத்தை ஃபைல் என்பது ஏப்ரல் மாதத்து விவகாரம். மெம்ஃபிஸிலிருந்து டவாரஸ் குட்லோ என்ற பையன் அணியில் சேரும் முன் கல்லூரியைப் பார்க்க வந்தான். பார்க்க வருகிற பையனின் குடும்பத்தில் நான்கு பேருக்குப் பல்கலைக்கழகம் சாப்பாடு போடலாம் என்பது விதி. அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள். அதோடு நிற்காமல் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு அத்தையும் வந்து இறங்கிவிட்டார். தலைமைப் பயிற்சியாளர் டப் லாரிமோர் தன் கையாலேயே புகையில் வெந்த பன்றிக்கறியை ஒரு தட்டு நிறைய வைத்து அந்த அம்மாளிடம் நீட்டிவிட்டார். மதிப்பு பதினோரு டாலர் நாற்பது சென்ட்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு லாரிமோர் அவள் வாசலில் நின்றார். "மிஸ் ஓபல், நேத்து ஒரு அத்தையை அதிகமா சாப்பிட வெச்சுட்டேன்னு நினைக்கிறேன்," என்றார். ஓபல் எழுதிக்கொண்டாள். விதிப்படி அந்தப் பையன் பதினோரு டாலர் நாற்பது சென்ட்டை ஒரு தேவாலயத்து அன்னதான உண்டியலில் போட்டான். விவகாரம் முடிந்தது. இப்படிப்பட்ட சில்லறைத் தப்புகளை எல்லாக் கல்லூரிகளும் வருஷம் பூராவும் சேர்த்துவைத்து ஜூன் மாதம் ஒரே கட்டாக, கல்லூரி விளையாட்டுகளை மேய்க்கும் தேசிய மேலிடத்துக்கு அனுப்பும். ஒன்றுமே அனுப்பாத கல்லூரி மேல்தான் மேலிடத்துக்குச் சந்தேகம் வரும். அந்த வருஷம் கார்வெல் அனுப்பிய இருபத்தேழில் அத்தை பதினாறாவது.

ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓபல் எட்டாவது மாடிக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள். உள்ளே மூன்று பேர். மூன்று பேரும் அணியின் பழுப்பு நிறச் சட்டை போட்டிருந்தார்கள். மூன்று முகத்திலும் இழவு விழுந்திருந்தது. ஸ்ட்ராட்டை அவளுக்குத் தெரியும். பக்கத்தில் சோபா முழுக்க நிறைந்து உட்கார்ந்திருந்தவர் ஹாலிஸ் ட்ரம்மெல். மிசிசிப்பியில் யார் வீட்டில் கோழி வெந்தாலும் அதில் பாதி அவர் பண்ணைக் கோழியாக இருக்கும், இந்த அரங்கத்தின் பாதியும் அவர் பணம்தான். மூன்றாவது ஆள் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் கெயில் பிரிஸ்கோ. மடியில் கணினி, காலடியில் சின்ன அச்சு இயந்திரம். கால்பந்து பார்க்க வருபவர்கள் கொண்டுவருகிற சாமான் இல்லை அது.

"நல்லா ஆடறாங்கல்ல?" என்றாள் ஓபல், ஏதாவது பேச வேண்டுமே என்று.

ட்ரம்மெல் கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பிரிஸ்கோதான் ஆரம்பித்தாள். "மிஸ் ஓபல், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இதுவரைக்கும் அஞ்சு ஜெயிச்சிருக்கோம், ஆறு தோத்திருக்கோம். இன்னிக்குத்தான் கடைசி ஆட்டம். தோத்தா நாளைக்கே லாரிமோரை அனுப்பிடலாம். ஒப்பந்தத்தை முறிக்க மூணு மில்லியன் டாலர் குடுத்தா போதும். அதை ட்ரம்மெல் சார் தர்றேன்னுட்டார். ஜெயிச்சா ஆறாவது வெற்றி. ஆறு ஜெயிச்சா அவர் ஒப்பந்தம் தானாவே மூணு வருஷம் நீண்டுடும். அப்புறம் அனுப்பணும்னா பதினாலு மில்லியன்."

"எவன் எழுதுனான் இந்த ஆறை?" என்றார் ட்ரம்மெல். அவர் அன்றைக்கு அதைக் கேட்பது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது.

ஸ்ட்ராட் கண்ணாடி வழியாக மைதானத்தைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் லாரிமோர் எதிர்பாராமல் ஒன்பது ஆட்டம் ஜெயித்தபோது, டெக்ஸாஸில் ஒரு கல்லூரி அவரைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியது. ஸ்ட்ராட் அலறியடித்துக்கொண்டு ஒரே நாளில் புது ஒப்பந்தம் எழுதி நீட்டினார். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே லாரிமோரின் தரகர்தான் என்பது ஊரில் முடி வெட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். ஸ்ட்ராட்டுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

"டன்பர் டெக் இருபத்து நாலு புள்ளி வித்தியாசத்துல ஜெயிக்கும்னு எல்லாரும் சொன்னாங்க," என்று முனகினார் ஸ்ட்ராட். "அதை நம்பித்தானே இருந்தோம்."

"அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம்," என்றாள் பிரிஸ்கோ. "தகுந்த காரணம் இருந்தா ஒரு சென்ட் குடுக்காம அனுப்பலாம். பெரிய விதிமீறல்னா அது தகுந்த காரணம். ஆனா கடிதம் ஆட்டம் முடியறதுக்குள்ள அவர் கைக்குப் போகணும். நீட்டிப்பு வந்துடுச்சுன்னா பழைய தப்பெல்லாம் மன்னிச்சதா அர்த்தம்."

"அத்தை சாப்பிட்டது பெரிய விதிமீறலா?"

"சாப்பிட்டது இல்ல. மறைச்சிருந்தா."

பிரிஸ்கோ ஒரு தாளை நீட்டினாள். அச்சு இயந்திரத்தின் சூடு அதில் இன்னும் இருந்தது. ஓபல் கிளேபோர்ன் ஆகிய நான் சொல்வது என்று ஆரம்பித்து, தலைமைப் பயிற்சியாளர் லாரிமோர் அந்தச் சாப்பாட்டு விஷயத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று என்னை வற்புறுத்தினார், பயத்தினால் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்று முடிந்திருந்தது. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவள் பெயர்.

"அவரு வற்புறுத்தவே இல்லையே," என்றாள் ஓபல். "அவராத்தானே வந்து சொன்னாரு."

"ஞாபகத்தை முழுசா நம்ப முடியாது, கண்ணு," என்றார் ட்ரம்மெல். "காலையில ஒண்ணு தோணும், சாயங்காலம் ஒண்ணு தோணும். மெதுவா யோசிச்சுப் பாரு."

பிரிஸ்கோ அதற்குள் ஃபைலைப் புரட்டிப் பதினாறாவது அறிக்கையை எடுத்திருந்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ராய்ஸ், இது என்ன?"

"எது?"

"'பயிற்சியாளர் தானே முன்வந்து உடனடியாகத் தெரிவித்தார். அவர் மீது குறை எதுவும் இல்லை.' கீழ உங்க கையெழுத்து."

ஸ்ட்ராட்டின் காது சிவந்தது. ஜூன் மாதம் இருபத்தேழு அறிக்கைகளையும் ஓபல் அவர் மேசையில் வைத்தாள். அவர் போனில் மீன்பிடிப் படகின் விலையைப் பேசிக்கொண்டே இருபத்தேழிலும் கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினார். நாடு முழுக்க எல்லா இயக்குநர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். யாரும் படிப்பதில்லை. "அது எல்லாத்துலயும் வர்ற வரிதானே," என்றார் தீனமாக.

"எல்லாத்துலயும் வராது சார். உண்மையா இருந்தா மட்டும்தான் நான் எழுதுவேன்," என்றாள் ஓபல்.

"அப்ப நீங்க ஒருத்தர் மாத்திச் சொன்னாத்தான் உண்டு," என்றாள் பிரிஸ்கோ. "இல்லேன்னா அவரோட வக்கீல் நம்மளைக் கூறு போட்டுடுவான்."

ஓபல் படிக்க வேண்டும் என்று சொல்லித் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். உண்மையில் அவளுக்கு ஆட்டத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து கார்வெல்காரி. அணியின் சின்னமான கெளுத்தி மீன் படம் போட்ட போர்வையில்தான் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

மூன்றாவது கால் பகுதியில் டன்பர் டெக் விழித்துக்கொண்டது. பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன், அடுத்த ஆறாவது நிமிஷத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளி, கூடவே ஓர் உதைக்கு ஒன்று. இருபத்தொன்றுக்குப் பதினேழு. கீழே முப்பதாயிரம் பேர் ஓய்ந்து உட்கார்ந்தார்கள். மேலே அறைக்குள் உயிர் திரும்பியது.

"ஓபல், நின்னுட்டே படிக்கிறீங்களே, நல்ல நாற்காலியா பார்த்து உக்காருங்க," என்றார் ஸ்ட்ராட், அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல். ட்ரம்மெல் தன் கையாலேயே கோழி இறக்கை வறுவல் ஒரு தட்டும் இனிப்புத் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். பிரிஸ்கோ செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். அடுத்த பயிற்சியாளராக யாரைப் பிடிக்கலாம் என்று பேச்சு ஓடியது. ஒக்லஹோமாவில் ஒருத்தன் இருக்கிறானாம், வயது முப்பத்தெட்டுதானாம், பல்வரிசை பிரமாதமாம்.

ஓபல் இறக்கையைத் தொடவில்லை. அணி தோற்கிறதே என்று வயிறு எரிந்தது. தோற்றால் இந்தத் தாளுக்கு வேலை இல்லை என்று அதே வயிறு குளிர்ந்தது. தன் அணி தோற்றால் தேவலை என்று வாழ்க்கையில் முதல் தடவை நினைத்தாள். நினைத்த அடுத்த கணம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசிக் கால் பகுதியில் ஒன்பது நிமிஷம் பாக்கி இருந்தபோது டன்பர் ஆள் பந்தை நீளமாக எறிந்தான். அது போய்ச் சேர வேண்டிய கைகளுக்கு முன்னால் ஒரு பழுப்புச் சட்டை எகிறியது. முப்பத்தொன்றாம் எண். பந்தைப் பறித்த வேகத்தில் திரும்பினான். நாற்பது கஜம், முப்பது, இருபது. ஓபல் தன்னை அறியாமல் எழுந்து கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றியிருந்தாள். பத்து. கோட்டைத் தாண்டிவிட்டான். கட்டடமே அதிர்ந்தது.

முப்பத்தொன்றாம் எண் டவாரஸ் குட்லோ. அத்தையின் மருமகன்.

இருபத்து நான்குக்கு இருபத்தொன்று. அறையில் யாரோ மின்சாரத்தை நிறுத்திய மாதிரி இருந்தது. ட்ரம்மெல் எழுந்து வந்து இறக்கைத் தட்டை ஓபலின் முன்னாலிருந்து எடுத்து அப்பால் வைத்தார்.

"பேனா எங்க?" என்றார்.

"நேரம் இருக்கு சார், ஒன்பது நிமிஷம்," என்றார் ஸ்ட்ராட்.

"ஒன்பது இல்ல, நாலு," என்றாள் பிரிஸ்கோ செருப்பைத் தேடிக்கொண்டே. "கடைசி அஞ்சு நிமிஷம் லிஃப்ட் மேல உக்காந்திருக்கிற கோச்சுகளுக்கு மட்டும்தான். சாவியோட ஒரு பெரியவர் நிப்பார். ஆளுநரே வந்தாலும் ஏத்த மாட்டார். அதுக்குள்ள நான் கீழ இறங்கியாகணும்."

"மைதானத்துக்குள்ள போயி, டிவி கேமரா முன்னால, அவர் கையில கடிதம் குடுப்பியா?" ஸ்ட்ராட்டுக்கு வியர்த்தது.

"பதினாலு மில்லியனுக்கு நான் கெளுத்தி மீன் வேஷம் கட்டிக்கிட்டுக்கூடப் போவேன்."

பேனா வந்தது. மூன்று பேரும் ஓபலைச் சுற்றி நின்றார்கள். ஸ்ட்ராட் குனிந்து, ரொம்ப அன்பாக, "ஓபல், உங்களுக்கு வர்ற அக்டோபரோட இருபது வருஷம் முடியுதில்ல? அப்பத்தான ஓய்வூதியம் முழுசா வரும்?" என்றார்.

"ஆமா சார்."

"உங்க வீட்டுக்காரர் வெர்னனுக்கு முழங்கால் எப்படி இருக்கு? இன்ஷூரன்ஸ் எல்லாம் நம்ம பல்கலைக்கழகத்துலதானே?"

"ஆமா சார்."

வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பதினோரு மாதம். ஓடு மாற்ற வேண்டிய வீடு, ஜனவரியில் வெர்னனுக்கு அறுவைச் சிகிச்சை. லாரிமோர் யார் அவளுக்கு? வருஷம் நான்கு மில்லியன் வாங்குகிற ஆள். எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். அவள் பேனாவை எடுத்தாள். பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். வட்டமாக, அழகாக வந்தது.

பேனா அங்கேயே நின்றது.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "இது பெரிய விதிமீறல்னு ஆச்சுன்னா அந்தப் பையன் என்னாவான்?"

பிரிஸ்கோ கடிகாரத்தைப் பார்த்தாள். "எந்தப் பையன்?"

"குட்லோ. இப்ப ஓடுனானே, அவன்."

"அவன் ஒரு வருஷம் உக்காரணும். அவன் ஆடின ஆட்டமெல்லாம் செல்லாதுன்னு வரலாம். அது வேற விஷயம், மிஸ் ஓபல்."

"அந்த அத்தை?"

"அவங்களை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. கையெழுத்தைப் போடுங்க, லிஃப்டுக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

ஓபல் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "நான் போட மாட்டேன்."

"அந்த ஆளு மேல உனக்கு அவ்வளவு பாசமா?" என்றார் ட்ரம்மெல்.

"பாசமா? சார், நாலு வருஷமா அந்த மனுஷனை நான் வையாத நாள் கிடையாது. எட்டு கஜம் தேவைப்படற இடத்துல ஆளை நடுவுல முட்ட விடறாரு. முட்டி முட்டி ஒரு கஜம் வரும். எங்க பூனைக்குத் தெரியும் அது உருப்படாதுன்னு. தோத்ததுக்காக அனுப்புங்க, நானே கதவைத் திறந்து விடறேன். ஆனா தோத்ததுக்கு அனுப்புனா காசு குடுக்கணும்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. அதுக்கு நான் பொய் சொல்லி ஒரு பையனை உக்கார வைக்க முடியாது. அந்த அம்மா ஒரு தட்டுக் கறி சாப்பிட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது."

"ஓபல்," என்று ஸ்ட்ராட் குரலை உயர்த்தினார். "நீங்க யாருகிட்ட வேலை பார்க்கறீங்கன்னு ஞாபகம் இருக்கா? நான் நினைச்சா..."

அவர் நினைத்தால் என்ன ஆகும் என்று தெரிவதற்குள் கீழே அரங்கத்தின் ஒரு மூலை மட்டும் வெடித்தது. டன்பர் ஆட்களுக்கு ஒதுக்கிய மூலை. எல்லோரும் கண்ணாடிக்கு ஓடினார்கள். டன்பர் டச்டவுன். இருபத்தெட்டுக்கு இருபத்து நான்கு. ஐந்து நிமிஷம் பத்து விநாடி பாக்கி.

ட்ரம்மெல் சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பழுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எதிரியின் டச்டவுனுக்கு அப்படி ஒருவர் சிரிப்பதை ஓபல் பார்த்ததே இல்லை. "கிழிச்சுப் போடு கெயில் அதை. கடவுள் இருக்கார். நம்ம பசங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? முன்னால இருந்தா பின்னால போகத் தெரியும், பின்னால இருந்தா முன்னால வரத் தெரியாது."

"எதுக்கும் நான் கீழ போய் நிக்கட்டுமா?" என்றாள் பிரிஸ்கோ.

"வெறுங்கையோட போயி என்ன பண்ணுவ? உக்காரு. இறக்கை சாப்பிடு."

வெளியே தாழ்வாரத்தில் சாவிக்காரப் பெரியவர் லிஃப்டை நிறுத்தி வைத்தார். லாரிமோரை அனுப்பும் செய்தியை அறிவிப்பது பற்றி ஸ்ட்ராட் யாருக்கோ போன் போட்டு, ஞாயிறு பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்களை வரச்சொன்னார். ஓபலை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவள் ஜன்னலோரத்திலேயே நின்றாள்.

மூன்று நிமிஷம் இருபது விநாடி. கார்வெலிடம் மறுபடி பந்து வந்தது. எண்பது கஜம் போக வேண்டும். முதல் எறிதல் தரையில் விழுந்தது. இரண்டாவது பன்னிரண்டு கஜம். பிறகு ஏழு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு பத்தொன்பது. ஓபல் எண்ணிக்கொண்டே வந்தாள். விரல் நகம் ஒன்று ஏற்கெனவே காலி. ஒரு நிமிஷம் பாக்கியிருந்தபோது பந்து டன்பரின் முப்பதாவது கஜத்தில் இருந்தது. ட்ரம்மெல் இறக்கையைப் பாதியில் கீழே வைத்தார்.

"மூணு புள்ளி உதைச்சா?" என்றார்.

"பத்தாது சார். நாலு புள்ளி பின்னால இருக்கோம். டச்டவுன்தான் வேணும்," என்றார் ஸ்ட்ராட். போனில் இருந்தவரை மறந்துவிட்டார்.

இருபது. பதினொன்று. இரண்டு. பந்து கோட்டுக்கு இரண்டு கஜம் இருக்கும்போது கடிகாரத்தில் நான்கு விநாடி இருந்தது. இனி ஒரே ஒரு முயற்சி. முப்பதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். லாரிமோர் ஓரத்தில் நின்று இரண்டு கையையும் ஒன்றுசேர்த்து நேரே முன்னால் காட்டினார்.

"ஐயோ," என்றாள் ஓபல். "நடுவுல முட்டச் சொல்றாரு."

நடுவில்தான் முட்டினார்கள். எண்பத்தைந்து கிலோ பையன் ஒருவன் பந்தை வயிற்றில் புதைத்துக்கொண்டு ஆறு ராட்சசர்கள் மேல் போய் விழுந்தான். குவியல் நின்றது. நகரவில்லை. பிறகு பின்னாலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து முட்டினார்கள். குவியல் மெதுவாக, மாட்டு வண்டி மேடேறுவதுபோல, ஒரு அடி, இரண்டு அடி என்று ஊர்ந்து கோட்டைத் தாண்டி அப்பால் சரிந்தது. நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். கடிகாரத்தில் சைபர்.

முப்பதுக்கு இருபத்தெட்டு, கூடுதல் உதை தேவைப்படவில்லை. ஆறாவது வெற்றி.

ஓபல் அலறினாள். பதவி, ஓய்வூதியம், மேலதிகாரி, கோழி முதலாளி எல்லாம் மறந்து, குதித்து, கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினாள். பிரிஸ்கோ கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். எதற்கு ஓடினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கையில், கிழிக்காமல் வைத்திருந்த, ஒரே ஒரு எழுத்து மட்டும் போட்ட தாள் இருந்தது. லிஃப்டின் முன்னால் பெரியவர் கையைக் குறுக்கே நீட்டி, "கோச்சுகளுக்கு மட்டும்மா," என்று சொல்வது உள்ளேவரை கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ட்ரம்மெல் இறக்கைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு அமைதியாகக் கேட்டார். "ராய்ஸ், உன்னை அனுப்பணும்னா எவ்வளவு ஆகும்?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு மில்லியன்," என்றாள் பிரிஸ்கோ, கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கத்தில்.

ட்ரம்மெல் பெருமூச்சு விட்டார். அவருடைய கோபம் ஸ்ட்ராட்டிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்ட்ராட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவர் ஓபலின் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமை நீங்க வர வேணாம். அட்டையை இங்கயே வெச்சுட்டுப் போங்க."

ஓபல் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றவில்லை. "என்ன காரணம்னு எழுதுவீங்க சார்?" என்றாள். அவள் எகத்தாளமாகக் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியே பழகிய கை.

ஸ்ட்ராட் பிரிஸ்கோவைப் பார்த்தார். பிரிஸ்கோ தரையைப் பார்த்தாள். நல்ல பெண்தான், குரல் இறங்கிவிட்டது. "மிஸ் ஓபல், உங்களுக்கு ஒப்பந்தம்னு எதுவும் இல்ல. வெறும் நியமனக் கடிதம்தான். உங்களை அனுப்பக் காரணம் வேணாம். ரெண்டு வாரச் சம்பளம் குடுத்தா போதும்."

ஓபல் அட்டையை மேசையில் வைத்தாள், இறக்கை எலும்புகளுக்குப் பக்கத்தில். ஃபைலைத் திருப்பி எடுத்து, பதினாறாவது அறிக்கையை அதன் இடத்தில் செருகி, கயிற்றைக் கட்டினாள். அதையும் மேசையில் வைத்துவிட்டு மாடிப்படி வழியாக இறங்கினாள்.

ஐந்தாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது, ரொம்பப் பயமாக இருந்தது. வெர்னனிடம் எப்படிச் சொல்வது, ஜனவரியில் ஆஸ்பத்திரிக்கு என்ன செய்வது. கண்ணீர் முட்டியது. ஆனால் சுவர் வழியாக அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. முப்பதாயிரம் பேரின் சத்தம் கான்கிரீட்டுக்குள் புகுந்து அவள் உள்ளங்கையில் துடித்தது. அவள் மீதிப் படிகளை ஓடி இறங்கினாள். ஐம்பத்தாறு வயதில் படியில் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கீழே மைதானத்துக்குப் போகும் இரும்புக் கதவில் செட்ரிக் நின்றுகொண்டிருந்தான். காவல்காரன். உள்ளே ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மாணவர்கள் சுவரேறிக் குதித்து, ஜெயித்தால் பிடுங்கிப் போடுகிற வழக்கப்படி வடக்குக் கோல் கம்பத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். மைதானத்துக்குள் கூட்டம் இறங்கினால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். அந்தச் சுற்றறிக்கையை வருஷா வருஷம் அனுப்புவது ஓபல்தான்.

"மிஸ் ஓபல், நல்லவேளை வந்தீங்க," என்றான் செட்ரிக். "என்னால தடுக்க முடியல. நீங்க வந்து சொன்னா கேப்பாங்க. அட்டை எங்க, கழுத்துல காணோம்?"

"மேல வெச்சுட்டு வந்துட்டேன். இனிமே நான் வேலையில இல்ல செட்ரிக்."

"என்ன சொல்றீங்க? எப்பலேர்ந்து?"

"அஞ்சு நிமிஷமா."

"என்ன தப்பு பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பண்ணச் சொன்னாங்க, பண்ணல."

செட்ரிக் அவள் முகத்தைப் பார்த்தான். பத்து வருஷமாக அட்டை இல்லாத ஒருவரையும் அந்தக் கதவுக்குள் விடாதவன். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பிறகு மெல்லத் திரும்பி, வேறு எதையோ பார்ப்பவனைப் போலப் பார்வையாளர் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவு அவன் முதுகுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது.

ஓபல் உள்ளே போனாள். புல் ஈரமாக இருந்தது. யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள், அவளும் கட்டிப்பிடித்தாள். கம்பத்தடியில் மாணவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். ஓபல் இரண்டு கையாலும் அந்தக் குளிர்ந்த இரும்பைப் பிடித்து, அடுத்த மூன்றுக்கு எல்லோரோடும் சேர்ந்து இழுத்தாள்.